படத்துக்கு உடுத்த வெள்ளை

ஜூலை 12, செவ்வாய்

கச்சான் காற்று, மேற்கே தரையிலிருந்து. சோற்றுக்குள் மண், தேத்தண்ணிக்குள் மண், காதுக்குள் மண். கூரையில் இரண்டு கிடுகு கழன்று பக்கத்துக் கொட்டில் ஹயாத்துவின் வாசலில். "கேக்காமலே சீதனம் அனுப்பிரிக்காய் மச்சி" என்றாள். திருப்பித் தரமாட்டாளாம். கள்ளி.

இந்தக் கொப்பி, சுனாமி முகாமுக்கு வந்த கவுன்சிலிங் பிள்ளை தந்தது. மனசில் உள்ளதை எழுதினால் பாரம் குறையுமாம். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. மீன் விலைதான் எழுதுகிறேன். இன்றைக்குச் சூடை மலிவு. பாரம் அப்படியே.

புதினம்: கொழும்பிலிருந்து படம் எடுக்க ஆட்கள். ஒரு வேன், ஒரு லொறி. சுனாமிப் படமாம். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற வேலை எனக்கு. டைரக்டர் என்னை "அம்மா" என்றார். "தம்பி, ஒங்களப் பெத்தெடுக்க எனக்கு வயசு காணா. அக்கா எண்டு சொல்லுங்க" என்றேன். சிரிக்கத் தெரியாத மனிசன்.

லொறியில் பார்த்தால் ஒரு உடைந்த தோணி. ஒலுவிலில் இருந்து ஏற்றி வந்தது. எங்கட கரை முழுக்க உடைந்த தோணிதான், அள்ள ஆளில்லாமல் கிடக்கு. அதெல்லாம் சரியாக உடையவில்லையாம். அல்லாஹ்வே, கடலுக்கு ஒழுங்காக உடைக்கவும் தெரியவில்லை.

மாமிக்குச் சொன்னேன். சிரிக்கவில்லை. "வேன்ல வந்தவங்களிட்டக் கேட்டியா மகள், ஆதம்பாவாவக் கண்டயா எண்டு?" ஆதம்பாவா என்ட மனிசன், அவட ஒரே மகன். வருகிற வாகனம் எல்லாவற்றிலும் கேட்பிப்பா. கேட்டேன். காணவில்லையாம்.

ஜூலை 13, புதன்

கடல் குளத்துத் தண்ணி மாதிரி. கச்சானுக்கு எங்கட கடல் அப்படித்தான். டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. கதிரையில் இருந்து முறைக்கிறார், சம்பளத்துக்கு வந்து வேலை செய்யாத கூலியாளை முறைக்கிற மாதிரி.

பெண்களைக் கத்திக்கொண்டு ஓடச் சொன்னார். "அன்டைக்கு எப்பிடி ஓடினீங்களோ அப்பிடி." ஓடினோம். "இல்ல, இப்பிடி இல்ல" என்றார். ஹயாத்து இடுப்பில் கை வைத்து: "நீங்க நிண்டயா அன்டைக்கு?" எல்லாரும் சிரிப்பு. நானும். பிறகு அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள்.

கமறாக்காரர் நரைத்த தாடி, நல்ல மனிசன். முதல் தரமே, "சேர், இது போதும்" என்பார். டைரக்டர், "ஒன்ஸ் மோர்." காகம் கரைந்தால் ஒன்ஸ் மோர். கரையாவிட்டாலும் ஒன்ஸ் மோர்.

சீனி முடிஞ்சுது. சொல்லணும்.

ஜூலை 14, வியாழன்

நடிக்க வந்த கொழும்புப் பெண்ணுக்கு வயிற்றோட்டம். (என் தேத்தண்ணி இல்லை. மண்.) போய்விட்டா. மிச்சக் காட்சிக்கு டைரக்டர் என்னைக் கேட்கிறார். உயரம் ஒன்றாம். பின்னால் இருந்துதான் எடுப்பாராம், முகம் வராதாம்.

"என்ன காட்சி?"

"இத்தா அக்கா. புருசன் செத்தா வெள்ளை உடுத்து நாலு மாசம் பத்து நாள் மூலையில இருப்பாங்களாமே. படத்துக்கு நல்லா இருக்கும்."

"இத்தா ஊட்டுக்குள்ள வேத்து ஆம்புளையே வரக்கூடா தம்பி. நீங்க ஏழு பேர் லைட்டும் தூக்கிக்கொண்டு வாறீங்களா?"

பகிடி விட்டேனே தவிர, தேத்தண்ணி கோப்பைக்கு வெளியில் ஊற்றுப்பட்டது. என் முன்னால் அந்தச் சொல்லை யாரும் சொல்கிறதில்லை. முகாமில் புருசனைப் பறிகொடுத்தவள்கள் எல்லாரும் இத்தா இருந்து முடித்து வெளியே வந்துவிட்டாள்கள். நான் தொடங்கவே இல்லை. பள்ளிவாசல் ஆட்கள் சொல்லிப் பார்த்தார்கள். மையித்தை, அவர்ட உடம்பைக் காட்டுங்க, இத்தா இருக்கிறன் என்றேன். கரையில் நின்றவர்கள்தான் போனது. ஆழத்தில் நின்ற தோணி எல்லாம் திரும்பியது. அவர் ஆழத்தில். அவருடைய தோணி மட்டும் இன்னும்.

இந்த விசயத்தில் மாமியும் நானும் ஒரே கட்சி. ஊரிலேயே இரண்டு பேர்தான் கட்சியில். பின்னேரம் கூட்டம். அவர் வந்தால் முதல் அடி யார் அடிக்கிற என்பதில்தான் பிரச்சினை.

"பெத்தவ நான். முதல் அடி எனக்கு."

"சோறு போட்டவ நான். நீங்க ரெண்டாவது அடிங்க மாமி."

டைரக்டருக்கு ஏலாது என்றேன். தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: படம் இந்தியா, மாலைதீவு எல்லாம் போகும். "கடைசியில ஒங்கட புருசன்ட படத்தப் பேரோட போடுறன். காணாமப் போனவர், கண்டவங்க சொல்லுங்க எண்டு."

மாலைதீவு. மார்கழி நீரோட்டம் அந்தப் பக்கம்தான் இழுக்கும் என்று அவரே எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்.

ஓம் என்றேன்.

ஜூலை 15, வெள்ளி

ஜும்ஆ, வேலை இல்லை. "ஒரு மணித்தியாலம்தானே, பிறகு எடுப்பமே" என்று டைரக்டர். பள்ளிவாசல் தலைவர் பார்த்த பார்வையில் வேனுக்குள் ஏறிவிட்டார்.

உடுப்புக்குப் பொறுப்பான தமயந்தி, காரைதீவுப் பிள்ளை, கல்முனை பஸாரில் வெள்ளைச் சாரி வாங்கி வந்தா. அதைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயப்போட்டா. பழசு மாதிரித் தெரியணுமாம். என்ட தேயிலை!

மாமி காணக்கூடாது. ஹயாத்துவிடம் சொல்லி வைத்தேன், நாளைக்கு மாமியைக் கல்முனைக்குக் கண் காட்டக் கூட்டிப்போ, பகல் சோற்றுக்குப் பிறகு திரும்பினால் போதும்.

"என்னத்துக்குடி இந்தக் கள்ள வேல?"

"அவரத் தேடுறத்துக்கு."

"சரி. பஸ்ஸுல சன்னல் சீட்டு எனக்கு."

அவருடைய படத்தைக் கொடுத்தேன். இருக்கிறது அந்த ஒன்றுதான், அக்கரைப்பற்றில் அவருடைய கூட்டாளி வீட்டில் தப்பியது. யாருடையவோ கலியாணத்தில் எடுத்தது. பல் முழுக்கத் தெரிய இளித்துக்கொண்டு. படம் எடுக்கிறவனுக்குப் பின்னால் நின்று நான் பழிப்புக் காட்டினது.

டைரக்டரிடம் கண்டது, மறக்க முதல்:

– ஆளைப் பார்க்கிறதில்லை, படம் தெரிகிற பெட்டியைப் பார்க்கிறார். பக்கத்தில் ஒருத்தி அழுதாலும் பெட்டிக்குள் அழுகிறாளா என்று பார்ப்பார்.
– "சும்மா இயல்பா இருங்க" என்று சொல்லிவிட்டு நம்முடைய கையைத் தூக்கி வேற இடத்தில் வைப்பார்.
– கேள்வி கேட்பார். பதில் வருகிற நேரம் அங்கே இருக்கமாட்டார்.
– கண்ணீர் வர எல்லார் கண்ணிலும் மருந்து விடுவார். இந்த முகாமில்!
– போதும் என்ற சொல் தெரியா.

சோறு ஆக்கத் தெரியாதவனும் ஒரு பருக்கை எடுத்து நசித்துப் பார்ப்பானே.

ஜூலை 16, சனி

எழுத ஏலாது.

ஜூலை 17, ஞாயிறு

நேற்று நடந்தது.

காலையில் மாமியை பஸ் ஏற்றினேன். "டொக்டர் கண்ணப் பாக்கக்குள்ள கண்ணடிச்சிராதீங்க மாமி." "போடி ஷைத்தான்." இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

வெள்ளை உடுத்தேன். தமயந்தி முக்காடு இழுத்துவிட்டா. வெளிச்சம் வரணும் என்று கொட்டில் வாசல் தட்டியைக் கழற்றிவிட்டார்கள். மூலையில் பாய். பகிடி ஒன்று தயாராகத்தான் வைத்திருந்தேன். பாயில் இருந்த உடனே வாய்க்குள் போய்விட்டது. துணி குளிர்ந்தது. முதுகு தன்பாட்டில் குனிந்தது.

கமறாக்காரர் மெல்லமாக: "சேர், போதும். வந்திட்டு." பெட்டியைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒன்ஸ் மோர். நெஞ்சில அடிச்சுக் கத்தணும் அக்கா."

"நாங்க அப்பிடி அழுறல்ல தம்பி."

"பாக்கிறவங்களுக்கு விளங்காதே."

திரும்பத் திரும்ப. வெயில் வாசலை விட்டுப் போனது, லைட் வைத்து அதையும் திருப்பிக் கூப்பிட்டார். லுஹர் பாங்கு சொன்னது, சத்தம் விழுந்துவிட்டதாம், இன்னொருக்கா. பகல் சோறும் இல்லை. மாமி வருகிற நேரம் என்று எழும்பினேன். "ஒன்டே ஒன்டு அக்கா. அவரட படம் போடணும்தானே?" இருந்தேன்.

பிறகு ஏனென்று தெரியா, கிறுகிப் பின்னால் பார்த்தேன். வாசலில் ஆட்களுக்கு நடுவில் மாமி. கையில் கண் மருந்துப் போத்தல். பின்னால் ஹயாத்து, வாயைப் பொத்திக்கொண்டு.

நடிப்பும் தெரியா, கமறாவும் தெரியா மாமிக்கு. மருமகள் வெள்ளை உடுத்திருக்கிறாள். அவ்வளவுதான் கண்டது. மௌத்துச் செய்தி கேட்டால் ஓதுகிற வசனம், இவ்வளவு மாசமும் எங்கட கொட்டிலுக்குள் ஒருத்தரையும் ஓதவிடாத வசனம். "இன்னா லில்லாஹி..." அவட வாயால். மெல்லமாக உள்ளே வந்து பாயில் என் பக்கத்தில் இருந்தா. நெற்றிக்கு மேலே ஏறிக்கிடந்த என்ட முக்காட்டை இழுத்துச் சரிசெய்தா.

ஒருத்தரும் அசையவில்லை. டைரக்டர்தான். சந்தோசத்தில் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார். "சுப்பர்! அம்மா, நடுவில ஒரு ஆள் மறைச்சிட்டார். வாசல்ல இருந்து திரும்ப ஒருக்கா வாறீங்களா? இதே மாதிரி."

கமறாக்காரர் கமறாவை மூடினார். "என்னால ஏலாது சேர்." கடல் பக்கம் நடந்து போனார்.

மாமியின் கையைப் பிடித்துச் சொன்னேன், இது படத்துக்கு மாமி, சும்மா மாமி, அவருக்கு ஒண்டும் இல்ல, சத்தியமா. தலையைத் தடவினா. "ஓம் மகள். ஓம்." காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சொல்கிற ஓம்.

இராவு மாமி நல்ல நித்திரை. கடல் வந்த நாளுக்குப் பிறகு விடியும்வரை அவ கண் மூடி நான் கண்டதில்லை. குறட்டைகூட. சுபஹு தொழுது அவருக்குத் துஆ கேட்டா. மௌத்தானவர்களுக்குக் கேட்கிற துஆ.

சாரியைக் கழற்றலாம் என்று முந்தானையில் கை வைத்தேன். பார்த்துவிட்டா.

"எடுக்காத மகள். என்ட புள்ள இவ்வளவு நாளும் போர்த்த ஒரு முழம் வெள்ள இல்லாம கிடந்தான்."

கையை எடுத்துவிட்டேன்.

இப்ப கட்சியில் நான் மட்டும்.

ஜூலை 18, திங்கள்

மௌத்து வீட்டுக்கு வருகிற மாதிரிப் பெண்கள் வந்து போகிறார்கள். சோறு வந்தது, பாபத் கறி வந்தது. எல்லாரும் மெதுவாகக் கதைக்கிறார்கள். என்னோடு யாரும் மெதுவாகக் கதைத்ததே இல்லை.

ஹயாத்து அந்த இரண்டு கிடுகையும் கொண்டுவந்து வாசலில் மறைப்புக் கட்டினாள். "சீதனத்தத் திருப்பிட்டன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். ஏலவில்லை.

அஸருக்குப் பிறகு தமயந்தி.

"அக்கா, சேர் கேக்கச் சொன்னவர். முகம் தெரியிற மாதிரி ஒரேயொரு காட்சி..."

"நான் இத்தா எண்டு சொல்லு புள்ள. வேத்து ஆம்புளைக்கு முகம் காட்ட ஏலா. இது நடிப்பு இல்ல எண்டும் சொல்லு."

அழுதா. பிறகு கடதாசியில் சுற்றி அவருடைய படத்தைத் தந்தா. "இதப் போடல்லயாம் அக்கா. சிரிக்கிறாராம். செத்த ஆள் மாதிரி இல்லயாம். லொறி ட்ரைவரட படத்துக்கு மாலை போட்டு எடுத்தாச்சு."

மாலை! எங்கட ஆட்களில் யாருக்கு மாலை. காணாமல் போனவர் என்று போடுகிறேன் என்றதும் இல்லை. பாவம் லொறி ட்ரைவர், நூறு வயசு இருக்கட்டும்.

செத்த ஆள் மாதிரி இல்லையாம். அந்த மனிசன் ஒரு விசயத்தை ஒழுங்காகப் பார்த்தது இந்த ஒரு தரம்தான்.

ஜூலை 19, செவ்வாய்

காற்று. வேன் போய்விட்டது என்று வெளியில் கதைக்கிறது கேட்டது. லொறியும். ஒலுவில் தோணியை எங்கட கரையிலேயே தள்ளிவிட்டுப் போனார்களாம். இருக்கிற உடைசல் காணாது போல.

மீன் விலை தெரியா. உள்ளே இருந்தால் தெரியா.

படத்தைப் பாய்க்குக் கீழே வைத்திருக்கிறேன். மாமிக்குக் காட்டவில்லை. நல்லா இருக்கிறா, சாப்பிடுகிறா. அடி விசயம் கதைக்கிறதில்லை.

அவர் என்னை விடப் பகிடிக்காரர். வந்தாரென்றால் உள்ளே வரமாட்டார், அந்தக் கிடுகை விலக்கிக்கொண்டு நின்று கேட்பார், எனக்குத் தெரியும்: "என்னடி, கொக்கு மாதிரி இரிக்காய்? ஆரு மௌத்து?"

என்ன சொல்கிற?

யோசிச்சு வைக்கணும். நாலு மாசம் இருக்கு.