ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

மைசூர்
30 ஜூன் 1996

அன்புள்ள மோலி,

உன் கடிதமும் போட்டோவும் கிடைத்தன. நான் நலம். இங்கே மழை பிடித்துவிட்டது. மாடியில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று.

ஒரு செய்தியை மூன்று நாளாக எழுதாமல் வைத்திருக்கிறேன். இங்கே காளிதாஸ் என்று ஓர் எலும்பு டாக்டர் இருக்கிறார். விபத்தில் குட்டையாகிப்போன கால்களை நீளமாக்குகிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டி, நட்டைத் திருகி இடைவெளியை மெல்ல அகற்றினால் நடுவில் புது எலும்பு வளருமாம். நல்ல காலுக்கும் செய்வீர்களா என்று கேட்டேன். மூன்று முறை மறுத்தார். நான்காவது முறை ஒத்துக்கொண்டார். ஐந்து சென்டிமீட்டர். இப்போது நூற்று ஐம்பத்தாறு. நூற்று அறுபத்தொன்று ஆவேன்.

முப்பத்தைந்து வயதில் எதற்கு என்று கேட்பாய். போன வாரம் நஞ்சன்கூடு பஸ்ஸில் புதுக் கண்டக்டர் என் முதுகைப் பார்த்து, "ஏ மரி, ஒளகெ ஹோகு" என்றான். சின்னப் பையன் என்று நினைத்து உள்ளே போகச் சொல்கிறான். திரும்பினேன், மீசையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். அதற்காக மட்டும் இல்லை. மற்றதை எழுத வரவில்லை.

ஃபேக்டரியில் ஆறு மாத விடுப்புக் கேட்டிருக்கிறேன். ஜூலை 24 நாள் குறித்திருக்கிறது. உன் சம்மதம் வேண்டும்.

என்றும் உன்,
பெர்னார்ட்

மஸ்கட்
11 ஜூலை 1996

அன்பு மிக்க என் வீட்டுக்காரருக்கு,

கடிதம் நேற்று வந்தது. டியூட்டி அறையில் நின்றபடியே படித்தேன். பிறகு பிரசவ வார்டுக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது.

சம்மதம் கேட்கிற கடிதத்திலேயே நாளும் குறித்து எழுதுகிறவரை நான் என்ன சொல்ல? பதினொரு வருஷ நர்ஸாகச் சொல்கிறேன், வேண்டாம். மனைவியாகச் சொன்னாலும் வேண்டாம்தான். எனக்கு நீங்கள் எந்தப் பக்கமும் குறைவாகத் தெரியவில்லை.

ஆனால் உங்களை எனக்குத் தெரியும். இது கிடைக்கும்போது பெட்டி கட்டியிருப்பீர்கள். அதனால் இதையும் எழுதுகிறேன். வளையத்துக் கம்பி தோலுக்குள் போகும் இடத்தைத் தினமும் கொதித்து ஆறிய தண்ணீரில் துடைக்க வேண்டும். சீழ் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நட்டை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கால் சுற்று. நாலு கால் சுற்று ஒரு மில்லிமீட்டர். ஒரு நாளுக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் இழுத்தால் எலும்பு கூடவே ஓடி வராது.

வீட்டு வேலைக்கு வரும் மல்லம்மாவை மாலையிலும் வரச் சொல்லுங்கள். சிகரெட் ஒன்றுகூடக் கூடாது. எனக்கு டிசம்பரில் லீவு. 21ஆம் தேதி வந்து சேருவேன்.

கோபத்தோடும் அன்போடும்,
மோலி

மைசூர்
15 ஆகஸ்ட் 1996

அன்புள்ள மோலி,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் கடிதம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையில்தான் வந்தது. வாசலில் நின்று படித்தேன். ஆனாலும் போனேன். அதற்கு நீ திட்டலாம்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். கட்டிலைக் கீழ் அறையில் போட்டாயிற்று. மல்லம்மா என் கால்களைப் பார்த்துவிட்டு, "ஏனு சார், ரெண்டு காலுக்கும் ஆண்டெனா வெச்சுட்டாங்களா? எந்தச் சேனல் வருது?" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள். வந்து கம்பி இடங்களைத் துடைத்தாள். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன், அப்படியே செய்கிறாள்.

வலி இருக்கிறது. வாக்கரைப் பிடித்து ஜன்னல்வரை நடக்கிறேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதி திருகத் தொடங்கினேன். ஸ்டோர்ஸ் கிளார்க் புத்தி, ஒவ்வொரு திருகலையும் நோட்டில் எழுதுகிறேன். நேற்றோடு பதினெட்டு மில்லிமீட்டர். குதிகால் கொஞ்சம் தரையில் படிய மறுக்கிறது. டாக்டர் இரண்டு வாரம் வெளியூர். எக்ஸ்ரே மாதக் கடைசியில். நீ வரும்போது வளையம் ஒன்றும் இருக்காது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம்.

உன்,
பெர்னார்ட்

மஸ்கட்
23 ஆகஸ்ட் 1996

அன்புள்ளவருக்கு,

என்னோடு வேலை செய்யும் ஜெனிஃபர் இன்று லீவில் ஊருக்குப் போகிறாள். இங்கே அவசரக் கடிதம் என்றால் தபாலில் போடுவதில்லை, ஊருக்குப் போகிறவர் பெட்டியில்தான் வைப்போம். மைசூருக்கே வந்து கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் தேதியிலிருந்து பதினான்குவரை பன்னிரண்டு நாள். பன்னிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். நீங்கள் பதினெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டில் தப்பாக எழுதுகிறவர் இல்லை நீங்கள். நாலு தடவைக்குப் பதில் ஆறு தடவை திருகுகிறீர்கள். குதிகாலை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்; தசையும் நரம்பும் தாங்காமல் இழுபடுகின்றன என்று அர்த்தம் அது. அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன்.

இதைப் படித்த கையோடு நிறுத்துங்கள். ஜெனிஃபர் வந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என் லீவுக்குள் முடிக்கத்தானே இந்த ஓட்டம்? நான் கேட்டேனா? யாருக்கு வேண்டும் அந்த உயரம்?

பதிலை உண்மையாக எழுதுங்கள். அது போதும்.

மோலி

மைசூர்
2 செப்டம்பர் 1996

அன்புள்ள மோலி,

ஜெனிஃபர் 26ஆம் தேதி வந்தாள். நான் படித்து முடிக்கும்வரை ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள்.

எக்ஸ்ரேயில் முப்பத்தைந்து மில்லிமீட்டர் இடைவெளி. உள்ளே எலும்பின் சாயல்கூட இல்லை, வெறும் கறுப்பு. ஊரிலிருந்து திரும்பிவிட்ட காளிதாஸ் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். சத்தம் போடவில்லை. "ஏன் பெர்னார்ட், எலும்பு என்ன உங்க ஃபேக்டரியா, ஓவர்டைம் பார்க்கிறதுக்கு?" என்று மட்டும் கேட்டார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதம் தொங்கிப்போயிருக்கும் என்றார்.

இப்போது நட்டை எதிர்ப்பக்கம் திருகுகிறோம். ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், பத்து நாள். பிறகு காத்திருக்க வேண்டும். எலும்பு பிடித்தால் இரண்டரை சென்டிமீட்டர் மிஞ்சும். மீதியை அங்கிருந்து மெல்லத் தொடரலாம் என்கிறார். பிடிக்காவிட்டால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும்.

உண்மையைக் கேட்டாய். போன லீவில் தேவராஜ மார்க்கெட்டில் உன் பின்னால் வந்துகொண்டிருந்தேன். பூக்காரியிடம் நிமிர்ந்து நின்று பேசினாய். நான் பக்கத்தில் வந்ததும் தோளை இறக்கிக் குனிந்துகொண்டாய். நம் கல்யாணத்தில் போட்டோகிராபர் எனக்குக் காலடியில் செங்கல் போட்டான். அப்போதும் நீ முழங்காலை மடக்கி நின்றாய். என்னைக் கட்டியதால் ஒரு பெண் ஆறு வருஷமாகக் குனிந்தே நடக்கிறாள். எனக்கு அது தாங்கவில்லை. நீ நிமிர்ந்து நடக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

மீதியைத் தொடரலாமா, நீயே சொல்.

உன்,
பெர்னார்ட்

மஸ்கட்
13 செப்டம்பர் 1996

என் அன்புக்குரியவருக்கு,

எதிர்த் திருகல் இந்நேரம் முடிந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் நல்லதோ கெட்டதோ, அன்றே எழுதுங்கள்.

நான் குனிவது உங்களைப் பார்ப்பதற்கு முன்பே வந்தது. பன்னிரண்டு வயதில் எங்கள் பள்ளிக்கூடத்து சிஸ்டர்களைவிட உயரமாக இருந்தேன். இந்தப் பனைமரத்துக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது என்று அம்மா எல்லார் முன்னாலும் சொல்வாள். அன்று இறக்கிய தோள் அது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் நாலு பேர் நான் எழுந்து நின்றதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். நீங்கள் அண்ணாந்து பார்த்து, இன்னொரு தம்ளர் கேட்டீர்கள். இருக்கிற உயரத்திலேயே இருந்துவிடலாம் என்று அன்றுதான் முதல் தடவையாகத் தோன்றியது. தோன்றியதோடு சரி, முதுகு பழையபடியே இருந்துவிட்டது.

பூக்காரியிடம் பேரம் பேச வேண்டியிருந்தது, அதனால் நிமிர்ந்தேன். உங்களிடம் பேரம் பேச ஒன்றும் இல்லை. முழங்காலை மடக்கச் சொன்னது அந்தப் போட்டோகிராபர். இதையெல்லாம் ஆறு வருஷத்தில் ஒரு நாள் நான் சொல்லியிருந்தால் உங்கள் கால் இன்று முழுசாக இருந்திருக்கும். சொல்ல வெட்கமாக இருந்தது. அதை நினைத்து இரண்டு நாள் அழுதேன்.

மீதி இரண்டரை உங்களுக்கே வேண்டும் என்றால் தொடருங்கள், ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். எனக்காக என்றால் இன்றோடு நிறுத்துங்கள். நிமிர்வதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

லீவை மூன்று மாதமாக்கிக் கேட்டேன், கிடைத்துவிட்டது. ஸ்டேஷனுக்கு வராதீர்கள். வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருங்கள். கேட்டிலிருந்து நிமிர்ந்தே நடந்து வருகிறேன், பாருங்கள். கிட்டே வந்ததும் குனிவேன். உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் வேறு எப்படி வருவதாம்? அதை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
மோலி