பூத்துவிட்ட தக்கைப்பூண்டு

ஜூன் 18
தழையுரத்துக்கு விதைத்த தக்கைப்பூண்டு இடுப்பு உயரம் வந்துவிட்டது. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரெல்லாம் முடிச்சு, நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. தழைச்சத்து நன்றாகச் சேர்கிறது. இந்தப் போகம் நெல்லுக்கு யூரியா கிடையாது, முடிவு செய்துவிட்டேன். பூ வந்ததும் மடக்கி உழுது, அழுகவிட்டு நட வேண்டியதுதான். "செடியை நம்பி நடவா?" என்று இவர் சிரித்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவருக்கு என்ன தெரியும்!

ஜூன் 23
வரப்பில் வழுக்கி விழுந்தேன். கால் எலும்பு முறிவு. மாவுக்கட்டு.

ஜூன் 24
வயல் இனி இவர் பொறுப்பு. "பூ வந்ததும் டிராக்டரைக் கூப்பிடுங்க" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். தலையாட்டினார்.

ஜூலை 15
கேட்கும்போதெல்லாம் "எல்லாம் நல்லா இருக்கு" என்றவர், இன்று போனில் படம் காட்டினார். வயல் முழுக்க மஞ்சள் பூ. காய்கூட விட்டிருக்கிறது!

"எவ்வளவு தேனீ வருது தெரியுமா... உழ மனசே வரல."

ஐயோ. தண்டு கட்டையாகிப் போயிருக்கும், உழுதாலும் லேசில் மக்காது. நாற்றங்காலில் நாற்று வேறு தயார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், சாப்பிடாமலே போய்விட்டார். இந்தப் போகம் போச்சா?

ஜூலை 16
ஓரகத்தி வந்தாள், இவர் தம்பி மனைவி! பக்கத்து வயல்தான் அவளுடையது. பாகம் பிரித்ததிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. உட்காரக்கூட இல்லை.

"வயலைப் பார்த்தேன். மேல் பாதி இன்னும் இளசுதான்க்கா. அதை அறுத்துச் சேத்துல மிதிச்சுடலாம். அடித்தண்டை வெட்டி வெளியே போட்டுடலாம்."

"ஆளுக்கு எங்கே போவேன்?"

"நான் ஒருத்தி இருக்கேன்ல? மாமாவையும் அனுப்புங்க."

ஜூலை 19
இன்றும் மிதித்தார்கள். இவர் இடுப்புவரை சேறோடு வந்து நின்றார். "வேலை வாங்குறா பாரு, கையில சாட்டை ஒண்ணுதான் குறை!" சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஜூலை 29
நடவு முடிந்தது.

ஆகஸ்ட் 8
பயிர் வெளுத்திருக்கிறதாம். பயமாக இருக்கிறது. யூரியா வாங்கக் கிளம்பிய இவரை அவள் வழியிலேயே மறித்துவிட்டாள்: "தழை இன்னும் மக்கி முடியல மாமா. மக்கினா பச்சை தானா ஏறும், கொஞ்சம் பொறுங்க."

பொறுக்கிறேன். வேறென்ன செய்ய?

ஆகஸ்ட் 30
கட்டுப் பிரித்தார்கள். நேரே வயலுக்குத்தான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். கரும்பச்சை! தூர் கட்டி அடர்ந்து நிற்கிறது பயிர். ஒரு பிடி யூரியா போடவில்லை. கண் கலங்கிவிட்டது. அவளுக்கு நான் என்ன செய்துவிட்டேன், எனக்காக இவ்வளவு செய்ய? அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"காலைப் பார்த்து வைங்கக்கா. பேச்செல்லாம் வீட்டுல வச்சுக்கலாம்."

எந்த வீட்டில் என்று நான் கேட்கவில்லை. வழியில் அவள் வீடுதான் முதலில் வரும். அங்கே இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.