துணி திணித்த ஸ்டியரிங்

அன்புள்ள அனுவுக்கு,

அம்மா எழுதுவது. முடிச்சூரில் நாங்கள் நலம், உன் அத்தை தையல்நாயகியின் காறையெலும்பு மட்டும் இன்னும் நலத்துக்கு வரவில்லை. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் ஆரம்பித்தால் மாப்பிள்ளை நடுவில் வந்து “பிராக்டிகலா யோசிங்க அத்தை” என்கிறார், நீ “கேஸெல்லாம் எதுக்கு, விட்டுடும்மா” என்கிறாய். அதனால்தான் யாரும் குறுக்கே பேச முடியாதபடி எழுதி அனுப்புகிறேன். முழுதும் படி, அப்புறம் பேசு.

அந்த கிரீஷைத் தேடிப் பிடித்தது உன் அப்பா. பொழிச்சலூர் போகிற ரோட்டில் தகரக் கூரைக்குக் கீழே பழைய கார்களை வரிசையாகக் கழுவி நிறுத்தி, ‘கன்சல்டிங்’ என்று போர்டு மாட்டியிருக்கிறான். புரோக்கர் என்றால் கௌரவக் குறைச்சலாம். கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, “டாக்டர் ஓட்டின வண்டிண்ணா, எங்கயும் தட்டல, முட்டல, என் தங்கச்சிக்குக் குடுக்கற மாதிரி குடுக்கறேன்” என்றான். அண்ணா என்று நாலு தடவை கூப்பிட்டால் உன் அப்பாவுக்குப் போதும், வெண்ணெய் மாதிரி உருகிவிடுவார். நம் மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வாங்கலாமே என்றேன். “மெக்கானிக் எதுனா குறை சொல்லித்தாம்மா பொழைப்பான்” என்று சிரித்தான், உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்று அவர் செய்த ஒரே நல்ல காரியம், ஆக்சிடென்ட் ஆகாத வண்டிதானே என்று வாட்ஸ்அப்பில் கேட்டது. அவன் அதற்கு, “ஆகவே இல்லண்ணா, ஏர்பேக் எல்லாம் கம்பெனில வந்தது, நான் கேரண்டி” என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அதை நம்பி முழுப் பணமும் கொடுத்து, அவன் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டு வண்டியை எடுத்து வந்தார்.

போன மாதம் வெளிவட்டச் சாலையில் முன்னால் போன தண்ணீர் லாரி சட்டென்று பிரேக் போட, நம் வண்டி நேராகப் போய் மோதியது. ஏர்பேக் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அப்பாவுக்கு நெஞ்சில் அடி, பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அத்தைக்கு எலும்பு முறிவு. பின்னால் இருந்த எனக்கு ஒன்றுமில்லை, அவள் அலறியது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. வண்டியை நம் மெக்கானிக் ஜமீரின் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனோம். ஸ்டியரிங்கைக் கழற்றினால் உள்ளே ஏர்பேக் இல்லை அனு, சுருட்டித் திணித்த பழைய துணி. அத்தை பக்கம் ஒரு பஞ்சுத் துண்டு. எச்சரிக்கை விளக்கு எரியாதபடி ஒயரையும் மாற்றியிருந்தார்கள். முன்பு வைத்திருந்தவருக்குப் போன் செய்தேன். அவர் டாக்டரும் இல்லை. “பெரிய ஆக்சிடென்ட் ஆச்சு, ஏர்பேக் வெடிச்சிடுச்சு, எல்லாம் சொல்லித்தானே அந்தாளுகிட்ட குடுத்தேன்” என்றார்.

கிரீஷிடம் போய்க் கேட்டால், “நான் நடுவுல நின்னு கை மாத்தி வுட்டவன், அவ்ளோதான். பாத்து வாங்கினேன்னு அண்ணா கையெழுத்து போட்டாருல்ல?” என்கிறான். முகத்தில் ஒரு கூச்சம், ஒரு சங்கடம், மருந்துக்கும் இல்லை. தாம்பரத்தில் வக்கீல் ஜெயஸ்ரீயைப் பார்த்தேன். கமிஷன் வாங்கியவன் நடுவில் நின்றவன் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது, தெரிந்த குறையை மறைத்து, இல்லாததை இருக்கிறது என்று சொல்லி விற்றால், பழைய வண்டியானாலும் நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம், அந்தக் கையெழுத்து பொய்யை மூடுகிற போர்வை இல்லை என்றாள். அவள் பேரில் வக்கீல் நோட்டீஸ் போனது. உடனே தங்கச்சிப் பாசம் பொங்கிவிட்டது அவனுக்கு, வண்டியை எடுத்துக்கொண்டு முழுப் பணமும் தருகிறேன் என்று ஆள் அனுப்பினான்.

வாங்கிக்கொள்ளத்தான் போனேன், சத்தியமாக. அங்கே ஓர் இளம் ஜோடி, அந்தப் பெண்ணின் தோளில் உன் குழந்தை வயசில் ஒன்று தூங்குகிறது. அவர்களிடம் அதே கூலிங் கிளாஸ், அதே டாக்டர், அதே தங்கச்சி. நம் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் பெயின்ட் அடித்து, புதுத் துணி திணித்து, இப்படி ஒருத்தியின் தலையில்தானே கட்டுவான்? குறையைச் சொல்லித்தான் விற்பேன் என்று எழுதிக் கொடு, அப்புறம் சாவி தருகிறேன் என்றேன். “அது என் வியாபாரம்மா, உங்களுக்கு இன்னாத்துக்கு?” என்றான். நான் நேராக அந்தப் பெண்ணிடம் போய், “ஸ்டியரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதேம்மா” என்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவன் பணமும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று கத்தினான். அவனை விடக் கேவலமாக எனக்குப் பட்டது, கூட வந்து வாசலிலேயே நின்றுகொண்டு “வந்த பணத்தையும் கெடுத்துட்டியே” என்று முனகிய உன் அப்பாதான்.

வாய்ஸ் மெசேஜ், ஜமீர் எடுத்த போட்டோ, பழைய ஓனர் எழுதிக் கொடுத்தது எல்லாம் சேர்த்து ஆணையத்தில் புகார் கொடுத்தாயிற்று. பணம் எப்போது வரும், வருமா, தெரியாது. வண்டி ஜமீரிடமே நிற்கிறது, அதில் இனி யாரும் ஏறப் போவதில்லை. உன் அப்பா என்னோடு சரியாகப் பேசாமல்தான் இருந்தார். நேற்று ஆணையத்து நோட்டீஸ் கிடைத்ததும் கிரீஷ் அவருக்குப் போன் போட்டு, “அண்ணா, அண்ணிகிட்ட நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா?” என்று குழைந்தான். ஸ்பீக்கரில்தான் இருந்தது. உன் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அண்ணி இல்லப்பா, புகார்தாரர்னு சொல்லு” என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் அவருக்குக் காபி கலந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் செய், வண்டிப் பேச்சு எடுக்காதே, குழந்தையைக் காட்டு. மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல், பிராக்டிகலாகவே சொல். மூவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருங்கள்.

உன் அம்மா,
சந்திரிகா லோகநாதன்