இரண்டு போத்தல்களும் ஒரு பொய்யும்

புழுக்களோடு வாழ்ந்து முடித்த என் அன்பு டொக்டருக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. புவாண்ட்-கிளேரில், புழுப் போத்தல்கள் அடுக்கிய எங்கள் களஞ்சியத்தில் உங்கள் நுணுக்குக்காட்டியை இன்னும் ஒருவரும் நகர்த்தவில்லை. எனக்குத்தான் நித்திரை இல்லை. உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுத்தால் வேறு கதைக்குப் போய்விடுகிறேன்.

இங்குள்ள எங்கள் தமிழ்ச் சனம் உங்களை மறக்கவில்லை. நத்தார்ப் பூசைக்கு உங்களைக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? நோர்வேக்காரர் என்றதும் எங்கள் தேவாலயப் பங்கே திரண்டு வந்து, ஊரில் உங்கள் நாடு நடத்துகிற சமாதானப் பேச்சு என்ன மாதிரி என்று உங்களைக் கேட்டது. நீங்கள் கேக்கைக் கடித்தபடி, எனக்குப் பழக்கமான நோர்வேக்காரர் எல்லாரும் போத்தலுக்குள் இருக்கிறார்கள் என்றீர்கள். நான் மட்டும்தான் சிரித்தேன். அன்றைக்கு அவர்கள் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டதைக் கேட்டு, அதன் பிறகு நீங்களும் என்னை அப்படியே கூப்பிட்டீர்கள். எனக்கு அப்போதே ஐம்பது வயது!

பாருங்கள், மறுபடியும் சுற்றிக்கொண்டு போகிறேன்.

கடலுக்கு எப்படி வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். நோர்வேயின் வடக்கில் மீனவர்களுக்கு வைத்தியம் பார்த்த காலத்தில், வயிற்றுக்குத்தோடு வந்த ஒரு பிள்ளையை ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டீர்களாம். பிள்ளை செத்துப்போனது. உங்களை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. நீங்களாகவே அந்த வீட்டுக்குப் போய், பிழை என்னுடையது என்று தாய்க்குச் சொன்னீர்கள். பிறகு வைத்தியத்தை விட்டுவிட்டுக் கப்பலேறி, கடலடிச் சேற்றை அரித்துப் புழுத் தேடத் தொடங்கினீர்கள். இங்கே பிழை விட்டால் ஒருவரும் சாகமாட்டார்கள் என்று சொன்னீர்கள். அந்த ஒரு வசனத்தை நான் எவ்வளவு வசதியாகப் பிடித்துக்கொண்டேன்!

போத்தல்களில் வற்றிய மதுசாரத்தை மாற்றுவது என் வேலை. எங்கே, எவ்வளவு ஆழத்தில் பிடித்தது என்று பென்சிலால் எழுதிய துண்டு ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் கிடக்கும். துண்டு இல்லாவிட்டால் அது வெறும் செத்த புழு என்பீர்கள். அன்று மேசையில் இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்று நீங்கள் இளவயதில் நோர்வேயில் சேர்த்துக் கூடவே கொண்டுவந்தது. மற்றது இங்கே, சென்ட் லோரன்ஸ் ஆறு கடலோடு சேரும் இடத்தில் எடுத்தது. இரண்டு துண்டுகளையும் எடுத்து ஒரே தட்டில் வைத்த நேரம் மன்னாரிலிருந்து தங்கச்சியின் அழைப்பு வந்தது. திரும்பவும் இடம்பெயர்கிறோம், எங்கே போகிறோம் என்று தெரியாது என்று அழுதாள். கதைத்து முடித்துத் திரும்பி வந்தபோது எந்தத் துண்டு எந்தப் போத்தலுடையது என்று எனக்குத் தெரியவில்லை. மனம் சொன்னபடி போட்டு மூடினேன்.

ஒரு மாதம் கழித்து, ஆற்றுத் துண்டு கிடந்த போத்தலில் இதுவரை ஒருவரும் பெயர் வைக்காத ஒரு புதுப் புழுவைக் கண்டீர்கள். குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டீர்கள். ஆனாலும் உங்களுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது.

“தம்பி, துண்டுகள் சரிதானே?”

“ஓம் டொக்டர், சரிதான்.”

நீங்கள் என்னை நம்பினீர்கள். அந்தப் புழு இந்த ஆற்றில் வாழ்கிறது என்று கட்டுரை வெளிவந்தது. அதுதான் உங்கள் கடைசி வேலை.

இப்போது சொஃபி என்றொரு ஆராய்ச்சி மாணவி அந்தப் புழுவைத் தேடி இரண்டு கோடைகாலமாக ஆற்றில் படகோட்டுகிறாள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போன கிழமை என்னிடம் வந்து, டொக்டருக்குக் கடைசிக் காலத்தில் கண் பார்வை எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டாள். வயதானவர் பிழையாகப் பார்த்திருக்கலாம் என்று எழுதப் போகிறாளாம். அவள் போனதும் நோர்வேத் துண்டு கிடந்த போத்தலைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தவை முழுக்க எங்கள் ஆற்றுப் புழுக்கள், தினமும் நான் பார்க்கிறவை. நீங்கள் கண்டுபிடித்த புழு உங்கள் சொந்த நாட்டுக் கடலுடையது, டொக்டர். அதைச் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள்.

ஏன் அவளிடம் உடனே சொல்லவில்லை? பயம்தான், வேறென்ன? இந்த வயதில் வேலை போனால் எங்கே போவது? நீங்களோ செத்துவிட்டீர்கள், உங்களுக்கு இனி என்ன நட்டம் என்றும் ஒரு கணம் நினைத்தேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

இவ்வளவையும் எழுதி என் மனைவி றீற்றாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேவாலயத்தின் பங்கு மலரில் போட்டால் மனம் ஆறும் என்றேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“செத்த மனுசனுக்குத் தமிழில எழுதுறியள். உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?”

உங்களுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது, சொஃபிக்கும் தெரியாது. நான் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேர்ந்தெடுத்த பாஷையைப் பாருங்கள்.

அதனால் இந்தக் கடிதம் கணக்கில் இல்லை, டொக்டர். திங்கட்கிழமை காலை சொஃபியின் அறைக்குப் போவேன். பிரெஞ்சில் மூன்று வசனம் பாடமாக்கியிருக்கிறேன்: அவருடைய கண் பிழை விடவில்லை. என் கை பிழை விட்டது. அவர் கேட்டபோது நான் பொய் சொன்னேன். மூன்றாவது வசனத்தில் இன்னும் நாக்குத் தடக்குகிறது. தடக்கினாலும் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் தாண்டி வெளியே வருவேன்.

நீங்கள் நம்பிய,
உங்கள் தம்பி
சூசைதாசன்