வீங்கிய சூரியனுக்குப் பக்கத்தில்

பங்காருபாளையம்,
ஞாயிறு காலை

அன்பு மகளே,

எழுத்து ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்காதே. இடது கையால் எழுதுகிறேன்.

திருப்பதியில் நீ பிள்ளைகளுக்கு நடத்திய பாடத்தை வீடியோவில் பார்த்தேன். வயதான சூரியன் ராட்சசனாய் வீங்கினால் பக்கத்து உலகங்கள் வெந்துபோகும், தூரத்தில் உறைந்து கிடந்தவற்றில் பனி உருகும், அங்கே ஊர்கள்கூட எழலாம், ஆனால் அதற்குள் சூரியன் அணைந்துவிடலாம் என்றாயே.

உன் நைனா அப்படித்தான் ஆகிவிட்டார். நீ விரும்பியவரைக் கட்டிக்கொண்டதற்காகப் பத்து வருடம் உன் பெயரையே சொல்லவிடாதவர், ஞாபகம் தப்பியபின் தினமும் போனில், "கண்ணு, துன்னியா? எப்ப வர்ற?" என்று குழைகிறார். நீ சந்தோஷத்தில் அழுகிறாய். போனை அவர் காதில் பிடித்துக்கொண்டிருப்பவள் நான்தான். பேசி முடித்ததும் என்னைப் பார்த்து, "யாருடி நீ? எங்க வூட்ல இன்னா பண்ணிக்கினு கீற?" என்கிறார். கைக்கு எட்டியதை எடுக்கிறார். நேற்று எட்டியது கொதிக்கிற கஞ்சி.

மாம்பழ சீசனுக்கு வருகிறேன் என்றாய். வராதே. கிட்டே வந்தால் நீயும் பக்கத்து உலகம்தான். ஒருத்திக்காவது அந்த வெயில் இதமாக இருக்கட்டும்.

வழக்கம்போல ஆறு மணிக்குக் கூப்பிடு. போனைப் பிடிக்க எனக்கு இன்னும் ஒரு கை இருக்கிறது.

உன் அம்மா