உனக்குத் தராத மூன்று வருடம்

இன்று வியாழன். ரொறன்ரோவுக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லில் எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் நாள். காலையில் புது உருளையிலிருந்து ஒரு கறுப்புப் பையைக் கிழித்து, வாயைப் பிரிப்பதற்காக உதறினேன். அந்தப் புது பிளாஸ்ரிக் மணம் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. குப்பை வண்டி வந்து, எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்வரை பையும் கையுமாக வாசலில் நின்றேன். மகள் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "அம்மா, ட்ரக் போட்டுது!" என்று கத்தினாள்.

போனால் போகட்டும். எனக்கு உன்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்.

அன்றைக்கு விமான நிலையத்தில் உன்னை ஏற்ற வந்தவள் நான்தான். கூட்டத்தில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக நீ வந்தாய். தோளில் ஒரு கறுப்புக் குப்பைப் பை.

"சூட்கேஸ் எங்கையடா?" என்றேன்.

"உதுதான் சூட்கேஸ். டீமாலை வெட்டினா எல்லாருக்கும் உதுதான். உருளையோட கொண்டுவந்து லொக்கர் ரூம் வாசலிலை வைப்பாங்கள். ஆளுக்கொண்டு கிழிச்சு, சாமானை அள்ளிப் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான்."

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். காரில் பின் சீட் முழுக்கக் காலியாக இருந்தும், வீடு வரும்வரை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாய்.

அஜின்கோர்ட்டில் ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள் நாம். நாலாம் மாடியில் நீங்கள், ஐந்தாம் மாடியில் நாங்கள். மற்றத் தமிழ்ப் பெடியள் கிரிக்கெட் மட்டையோடு திரிந்தபோது, நீ அமெரிக்க ஃபுட்போலின் முட்டை வடிவப் பந்தோடு வந்து நின்றாய். உன் அம்மாவுக்கு, எங்கள் அன்ரிக்கு, அது பெரிய மனக்குறை. "ஃபுட்போல் எண்டுறான் பிள்ளை, ஒருக்காக்கூடக் காலாலை அடிக்கேல்லை. குனிஞ்சு நிண்டு ஊருக்கெல்லாம் பின்பக்கத்தைக் காட்டுறான்" என்று என் அம்மாவிடம் வந்து முறையிடுவார். உன் வேலை அதுதான். பந்தை உதைப்பவன் தூரப் பின்னால் நிற்பான். நீ குனிந்து, கால்களுக்கு இடையால் பந்தை அவன் கைக்கே எறிய வேண்டும். எறிந்து நிமிர்வதற்குள் எதிரணி உன்மேல் ஏறி விழும். ஸ்னாப்பர் என்பார்கள். "நான் சரியாச் செய்தா ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. பிழைவிட்டாத்தான் என்ரை பேர் ரிவியிலை வரும்" என்பாய். உன் பேர் ஒருநாளும் ரிவியில் வரவில்லை.

எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவில், ஒரு பெரிய அணி உன்னை எடுத்தபோது, மூன்று வருட ஒப்பந்தம் என்று தாளில் இருந்தது. அன்ரி கட்டடம் முழுக்க கேக் கொடுத்தார். அந்த மூன்று வருடத்தை நம்பித்தான் உன் வீட்டார் விட்பியில் புது வீட்டுக்குப் போனார்கள். நான் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். அதற்காக நீ எனக்கு வைத்த பட்டம் 'அப்புக்காத்து', ஊரில் வக்கீலுக்குச் சொல்லும் பழைய பேர். ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டு, "அப்புக்காத்து அம்மா, வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றாய். வாசித்தேன். மூன்று வருடம் என்பது உன்னை மட்டுமே கட்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. நீ வேறு அணிக்குப் போக முடியாது. ஆனால் அவர்கள் எந்த நாளும் உன்னை வீட்டுக்கு அனுப்பலாம். உத்தரவாதம் என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை. இல்லாத சொல்லைத் தேடிப் பார்க்க அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த பிழை அதைவிடப் பெரியது. இரண்டாவது வருடம், சீசன் தொடங்க முன்னர், நீ லொக்கர் ரூமிலிருந்து போன் எடுத்தாய். நான் கென்னடி ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நின்றேன்.

"ஒரு தாள் தந்திருக்கிறாங்கள். நான் ஃபிட்டா இருக்கிறன் எண்டு சைன் வைக்கட்டாம். முதுகு இன்னும் பிடிச்சபடிதான் இருக்கு. நோவுக்குக் குளிசை போட்டுத்தான் நிக்கிறன். சொன்னா விளையாட விடமாட்டாங்கள். என்ன செய்ய?"

"எல்லாரும் வைக்கிற சைன்தானே?"

"ஓம், அப்பிடித்தான் சொல்லுறாங்கள்."

"அப்ப வை. பஸ் வந்திட்டுது, பிறகு எடுக்கிறன்."

நீ வைத்தாய். காயப்பட்ட வீரனை அணி வெட்ட முடியாது, குணமாகும்வரை வைத்தியமும் பார்த்துச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. காயமில்லை என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். அடுத்த நாள் காலையே உன்னைக் கூப்பிட்டார்கள். வீரர்களை எடுப்பதும் வெட்டுவதும் அந்த அலுவலகத்தில் ஒருவனின் வேலை. எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான் என்று நீ அவனுக்கு 'பல்லன்' என்று பேர் வைத்திருந்தாய். பல்லன் எழுந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கி, "குடும்பத்துக்கு என் அன்பைச் சொல்" என்றானாம். இதை நீ சொன்னபோது அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனிசன் போலை கிடக்கு" என்றார். அன்ரியை ஏமாற்றிய அவனுடைய அந்த ஒரு வசனத்துக்காகவே அவனை நான் விட மாட்டேன் என்று அன்றே மனதில் முடிந்துகொண்டேன்.

அந்த முதுகோடு வேறு எந்த அணியும் உன்னை எடுக்கவில்லை. விட்பியிலிருந்து ட்ரக் ஓடினாய். அவர்கள் கைநிறையத் தந்து பழக்கிய வலிக் குளிசையை நீ விடவில்லை, அது உன் சிறுநீரகத்தை விடவில்லை. வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. அந்தக் கட்டிலிலும் என்னைப் பார்த்து, "அப்புக்காத்து, இஞ்சையும் ஒரு தாளிலை சைன் வாங்கினவங்கள், வாசிக்கிறியோ?" என்று பகிடி விட்டாய். நீ என்னை ஒருநாளும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நீ கண்ணை மூடி நாலு வருடம். அதற்கு முன்பே நான் வீரர்களின் ஏஜென்ட் ஆகிவிட்டேன். மற்றவர்கள் என் ஆர்வம் விளையாட்டில் என்று நினைத்தார்கள். பல்லன் அதே அணியில் படிப்படியாக ஏறி, முழு அணிக்கும் மனேஜராக வந்துவிட்டான். நான் பொறுத்திருந்தேன். என் வீரன் ஒருவன், பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்தும் குவார்ட்டர்பாக், இரண்டு வருடத்துக்கு முன்னர் எல்லா அணிகளும் கேட்டு அலைந்த ஆள். பல்லனுக்கு அவன் இல்லாவிட்டால் வேலையே ஆடும் நிலை.

நான் கேட்டது ஒன்றுதான். ஐந்து வருடம், ஒவ்வொரு நாளும் முழு உத்தரவாதம். கை முறிந்தாலும், ஓரத்தில் உட்கார வைத்தாலும், வெட்டினாலும், கொடுத்தே ஆகவேண்டும். அணியின் வக்கீல்கள் தலையில் கை வைத்தார்கள். பல்லன் பல்லைக் காட்டியபடி கையெழுத்துப் போட்டான். அந்தப் படத்தில் அவனுக்குப் பின்னால் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பார்த்திருந்தால், என் சிரிப்பு எதற்கு என்று உனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

இரண்டாம் வருடம் குவார்ட்டர்பாக்கின் தோள் போனது. அவன் எறிந்த பந்து பாதி வழியில் விழுந்தது. பல்லனால் அவனை வெட்ட முடியாது. வேறு அணிக்குத் தள்ளவும் முடியாது, அந்த ஒப்பந்தத்தை யார் தலையில் ஏற்றுவார்கள்? லீக்கில் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு இருப்பது உனக்குத் தெரியும். ஒருவனுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய பங்கு பெரிதானால், மற்றவர்களுக்கு மிஞ்சியதுதான். நல்ல ஆட்கள் ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வடையும் தேநீருமாக ரிவிக்கு முன்னால் இருந்து, அந்த அணி தோற்பதைப் பார்த்தேன். மைதானத்துக்கு மேலே உள்ள கண்ணாடி அறைக்குள் பல்லன் வாயை மூடிக்கொண்டு இருப்பதைக் கமெரா காட்டும். நல்லா வேணும் என்று வாய்விட்டுச் சொல்வேன். மகள் பயந்துபோய்ப் பார்ப்பாள்.

போன கோடையில் அவனே என்னைத் தேடி ரொறன்ரோவுக்கு வந்தான். பெரிய ஹோட்டலில் சந்திப்போம் என்றான். முடியாது என்று சொல்லி, அஜின்கோர்ட்டில் நம் கொத்துரொட்டிக் கடைக்கு வரச் சொன்னேன். கடைக்கார அன்ரி அவனைப் பார்த்துவிட்டு என் காதில், "பிள்ளை, வெள்ளைக்கு உறைப்பைக் குறைக்கட்டே?" என்றார்.

"வேண்டாம் அன்ரி, கொஞ்சம் கூடப் போடுங்கோ."

அவன் வியர்த்துக்கொண்டே கதைத்தான். குவார்ட்டர்பாக் ஒரு பங்கை விட்டுக் கொடுத்தால் அணி மூச்சு விடுமாம். இல்லையென்றால் கீழ்மட்டத்தில் ஆறு பேரை வெட்ட வேண்டி வருமாம். "அந்த ஆறு பேரின் பழி உங்களுக்குத்தான்" என்றான். நான் உன் பேரைச் சொன்னேன். அவன் நெற்றியைச் சுருக்கினான். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "மன்னிக்க வேண்டும், நினைவில்லை" என்றான்.

பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நினைவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு எதையும் விட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. குவார்ட்டர்பாக் என்னைக் கேட்டபோது, ஒரு நாளையும் விடாதே என்றேன். அது அவனுக்கும் நல்ல ஆலோசனைதான். ஆனால் நான் அதைச் சொன்னது அவனுக்காக இல்லை.

இரண்டு கிழமை கழித்து, அஜின்கோர்ட்டில் மீன்கடை வரிசையில் நின்றபோது போன் அடித்தது. அந்த அணியின் ஸ்னாப்பர். உன் இடத்தில் இப்போது குனிந்து நிற்பவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். குவார்ட்டர்பாக் என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறான். முதுகு பிடித்திருக்கிறது, ஒரு தாள் நீட்டுகிறார்கள், எல்லோரும் வைக்கிற கையெழுத்துத்தானாம், வைக்கலாமா என்று கேட்டான்.

"அக்கா, உங்கடை முறை. வெட்டுறதோ, முழுசோ?" என்றார் கடைக்காரர்.

நான் வரிசையை விட்டு வெளியே ஓடினேன். நடைபாதையில் நின்று, "வைக்காதே!" என்று கத்தினேன். பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திடுக்கிட்டு, ஏன் கத்துகிறீர்கள் என்றான். பேனையைக் கீழே வை, அந்த அறையை விட்டு வெளியே வா, வேறு டொக்டரிடம் காட்டும்வரை ஒன்றிலும் கை வைக்காதே என்றேன். அவன் வந்துவிட்டான். ஸ்கானில் முள்ளந்தண்டில் காயம் தெளிவாகத் தெரிந்தது. இனி குணமாகும்வரை அவனை அசைக்க முடியாது. சம்பளமும் வைத்தியமும் பல்லன் கணக்கில்.

பல்லன் சொன்ன ஆறு பேரில் மற்ற ஐந்து பேர் கறுப்புப் பையோடு போனார்கள். பல்லன் சொன்ன பழியில் எனக்கும் பங்கிருக்கிறது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அதில் மூன்று பேருக்கு வேறு அணி தேடிக் கொடுத்துவிட்டேன். மற்ற இருவருக்கும் இன்னும் தேடுகிறேன். ஆனால் திரும்ப அந்தக் கடையில் உட்கார்ந்தாலும் அவனுக்கு அதே பதிலைத்தான் சொல்வேன்.

ஸ்கான் முடிவு அணிக்குப் போன அன்று பின்னேரம் பல்லன் எனக்குப் போன் எடுத்தான். "என்னால் அசைக்க முடியாத ஆட்கள் இப்போது இரண்டு பேர். என்னை என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?" என்று கத்தினான்.

"குடும்பத்துக்கு என் அன்பைச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவனை இன்னும் வேலையால் நிறுத்தவில்லை. ஏன் தெரியுமா? அவனுடைய ஒப்பந்தமும் முழு உத்தரவாதம். அங்கே வெட்டுபவர்களுக்கு எப்போதும் அப்படித்தான். நிறுத்தினாலும் கொடுக்க வேண்டும் என்பதால், முதலாளி அவனை அந்தக் கண்ணாடி அறையிலேயே இருத்தி வைத்திருக்கிறார். அவனாக விலகினால் எல்லாம் போய்விடும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, முழு ஆட்டமும் இருந்து பார்க்கிறான்.

நீ மடியில் வைத்துக்கொண்டு வந்த பையை அன்ரி என்னிடம் தந்துவிட்டார். என் அலுவலகத்தில் மேசைக்குக் கீழே இருக்கிறது. சப்பாத்து, பாதி முடிந்த, கணுக்காலில் சுற்றி ஒட்டும் ரேப் உருளை, நீ கையெழுத்து வைத்த தாளின் பிரதி. ஆங்கிலத் தாளின் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். புதிதாக வரும் ஒவ்வொரு வீரனுக்கும் அதை எடுத்துக் காட்டி, முழுதாக வாசித்துக் காட்டிய பிறகுதான் பேனையைக் கொடுக்கிறேன். அதில் உன் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. நான் பஸ்ஸுக்கு ஓடியபடி சொன்ன 'வை' என்ற சொல் எங்கும் இல்லை. அதை நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

அந்தக் குவார்ட்டர்பாக்கின் ஒப்பந்தத்தில் பல்லனுக்கு இன்னும் மூன்று வருடம் மிச்சம் இருக்கிறது. உனக்கு எழுதிக் காட்டிவிட்டு முழுதாகத் தராமல் விட்ட அதே மூன்று வருடம். அதில் ஒரு நாள்கூடக் குறைய விடமாட்டேன்.