இன்னும் நேரம் வேண்டுமா?

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனை இணையதளத்தின் முன்பதிவுப் பக்கம் முடிந்தது. நான் வடிவமைத்தது என்று வீட்டில் பெருமையாகத் திறந்து காட்டினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவருக்கு வலது கை வேலை செய்வதில்லை. இடது விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். பாதியிலேயே ‘நேரம் முடிந்தது’ என்று பக்கம் மூடிக்கொண்டது. மறுபடியும் அதேதான்.

“உன் பக்கம் என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுதும்மா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மார்ச் 5

வழக்கம்போல அவருடைய பிசியோதெரபிக்கு நானே பதிவு செய்தேன். எந்த நேரம் வசதி என்று அவரைக் கேட்கவில்லை. என்றைக்காவது கேட்டிருக்கிறேனா?

மார்ச் 7

நேர வரம்பை எடுத்துவிடலாம் என்று மேலாளரிடம் சொன்னேன்.

“எடுத்தா சிலர் பதிவை முடிக்காமலே இடத்தைப் பிடிச்சு வச்சுக்குவாங்க. எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை வரும்?”

“ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க சார். கை நடுங்கும், கண்ணு மங்கலா இருக்கும்.”

“அவங்க வீட்டுல யாராவது இருப்பாங்கல்ல?”

இருப்பார்கள். என் வீட்டில் நான் இருக்கிறேன். என் இருக்கைக்குத் திரும்பினேன்.

மார்ச் 10

அசதி. துணி அப்படியே கிடக்கிறது.

மார்ச் 13

ஒரு வழி தோன்றியது. நேரம் முடியுமுன் ‘இன்னும் நேரம் வேண்டுமா?’ என்று பக்கம் கேட்கட்டும். ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் போதும். செய்து பார்த்துவிட்டு இவரைக் கூப்பிட்டேன்.

“என்னை வச்சு சோதனை பண்ணாத.”

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன். நானும் கல்யாணத்துக்கு முன் இவரிடம் கற்றவள்தான். சிக்னலில் வண்டி நின்றுபோய், பின்னால் எல்லோரும் ஹார்ன் அடித்தபோது, “அடிக்கட்டும், நீங்க மெதுவா எடுங்க” என்றார். ஊருக்கெல்லாம் கொடுத்த பொறுமையில் தனக்கென்று கொஞ்சம் வைத்திருக்கக் கூடாதா?

மார்ச் 19

இன்றும் மேலாளர் அறைக்குப் போய் நின்றேன். “சரி, போடுங்க. நீங்க விட மாட்டீங்க” என்றார்.

சந்தோஷம் வரவேண்டும். தூக்கம்தான் வருகிறது.

மார்ச் 24, திங்கள்

அலுவலகத்தில் இருக்கும்போது கைபேசிக்குச் செய்தி வந்தது: வியாழன் காலை அவருக்கு பிசியோதெரபி. நான் பதிவு செய்யவில்லையே!

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“நான்தான் போட்டேன். கேட்டப்பல்லாம் நேரம் கொடுத்துச்சு” என்றார், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிடறேன்.”

“எதுக்கு? நான் வண்டி பிடிச்சுப் போய்க்கறேன்.”

சுருக்கென்றது. ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

லீவு போட்டுவிட்டேன். அவர் சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குள் போய் நின்றேன். ஒருவழியாகத் தனியாகவே கிளம்பினார். சற்று நேரம் கண்ணயரலாம் என்று படுத்தேன்.

அவர் திரும்பி வந்து மணி அடித்தாராம். எனக்குக் கேட்கவேயில்லை. தன் சாவியால் திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறார்.